விளையாடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

கேள்வி: அண்ணா, பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. வீட்டில் ரைசன் 5 5600 போட்ட டெஸ்க்டாப் இருக்கிறது. போன வருடம் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கிப் போட்டேன். படம் பார்த்தாலோ, புராஜெக்ட் செய்தாலோ ஒன்றும் ஆவதில்லை. எந்த கேம் விளையாடினாலும் திடீரென்று ஸ்கிரீன் கருப்பாகி ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சாயங்காலம்தான் அதிகம். கடையில் ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். அங்கே நன்றாக ஓடுகிறது, வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய கதைதான். இப்போது கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்று என்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் 450 வாட்ஸ், யுபிஎஸ் 600 விஏ. கேமே வேண்டாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

பதில்: தம்பி, கார்டை இப்போதைக்கு மாற்றாதீர்கள். சாயங்காலம் அதிகம் என்கிறீர்கள், கடையில் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. கார்டில் பழுது என்றால் கடையில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி நடந்துகொள்ளாது. கடைக்குப் போகும்போது சிபியு பெட்டியை மட்டும்தான் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். யுபிஎஸ், பிளக் பாயின்ட், வீட்டு வயரிங், தெருவில் வரும் கரண்ட் எல்லாம் கீரனூரிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் பெட்டிக்கு வெளியிலிருந்து தேடலை ஆரம்பிப்போம். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஃபார்மட் அடிப்பது நம் ஊர்க் கடைகளில் சடங்காகிவிட்டது. கரண்ட் பிரச்சினைக்கு அது மருந்தல்ல.

ஆனால் வெளியே தேடுவதற்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. ரீஸ்டார்ட் இரண்டு வகை. ஒன்று, விண்டோஸ் தானே ஒரு பிழையைக் கண்டு மெஷினைத் திருப்பி ஓட்டுவது. இன்னொன்று, விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் அறுந்துபோவது. ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். ரீஸ்டார்ட் ஆன நேரத்தை ஒட்டி கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புக் குறி இருக்கும். இதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போச்சு என்று உடனே முடிவுகட்டுபவர்கள் உண்டு. 41 என்பது காரணம் அல்ல. போன தடவை மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்று அடுத்த முறை கிளம்பும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதைத் திறந்து டீடெயில்ஸ் பக்கத்தில் பக்செக்கோடு என்ற வரியைப் பாருங்கள். 0 என்று இருந்தால், பெரும்பாலும் எழுதிவைக்கக்கூட அவகாசம் இல்லாமல் மெஷின் விழுந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீன் வகை.

கூடவே அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி பகுதிக்குப் போய், ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அதன்பின் ப்ளூ ஸ்கிரீன் வந்தால் ஓடிப்போகாமல் அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆனால், கரண்ட் மீதுதான் முதல் சந்தேகம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஆர்டிஎக்ஸ் 3060 கேம் ஓடும்போது சுமார் 170 வாட்ஸ் இழுக்கும். புராசஸர் 75 வரை போகும். போர்டு, ராம், டிரைவ், ஃபேன் எல்லாம் சேர்த்து 50 என்று வையுங்கள். மொத்தம் 300-ஐத் தொட்டுவிடும். எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்கு வீணாக்குவதையும் சேர்த்தால் பிளக் பாயின்ட்டிலிருந்து 370 வாட்ஸ், மானிட்டரோடு 400-க்குக் கிட்டத்தில். 600 விஏ யுபிஎஸ்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 360 வாட்ஸ் என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். படம் பார்க்கும்போது மெஷின் 70, 80 வாட்ஸ்தான் எடுக்கிறது, அதை யுபிஎஸ் சுலபமாகத் தாங்கும். கேம் ஆரம்பித்தால் அதன் சக்திக்கு மீறிவிடுகிறது. மெயின் கரண்டில் இருக்கும்வரை எப்படியோ சமாளிக்கும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்து, யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிற நொடியில் அதனால் சுமக்க முடியாது. மேலே லைட் எரிந்துகொண்டே இருக்கும், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் விழுந்துவிடும். ரீஸ்டார்ட் ஆகும்போது யுபிஎஸ்ஸிலிருந்து ‘டக்’ என்ற ரிலே சத்தமோ ‘பீப்’போ வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருடம் ஆனதென்றால் இன்னும் மோசம்.

சோதிப்பது எளிது. கரண்ட் நிலையாக இருக்கும் ஒரு நாள், யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு சிபியுவை நேராகச் சுவர் பிளக்கில் செருகி அதே கேமை ஓடவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். லூஸான பாக்ஸும் இதே வேலையைச் செய்யும். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் குற்றவாளி யுபிஎஸ். அடுத்து வாங்கும்போது 1000 விஏ-வுக்குக் குறையாமல், வாட்ஸ் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். விஏ மட்டும் சொல்லி விற்பார்கள்.

நேராகச் செருகியும் சாயங்காலம் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் தெருவுக்குப் போக வேண்டும். உங்கள் பக்கம் தென்னைக்கும் தோட்டத்துக்கும் ஓடும் மோட்டார்கள் அதிகம். ஒரு மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீடுகளும் மோட்டார்களும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்தால், ஒவ்வொரு மோட்டார் கிளம்பும்போதும் உங்கள் வீட்டு வோல்டேஜ் ஒரு குதி கீழே போய்வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கம்பிகள் ஆடி லைட் சிமிட்டுவதும் இதோடு சேரும்.

அந்தச் சிமிட்டலில் படம் ஓடும் கம்ப்யூட்டர் தப்பி, கேம் ஓடும் கம்ப்யூட்டர் விழுவது ஏன்? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியைப் போல, கரண்ட் இல்லாத கண நேரத்துக்கு அது சேமிப்பிலிருந்து கொடுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடிலும் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதியில் வெகுகாலம் இருந்தது. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்று என்பதே 20 மில்லிசெகண்ட். லோடு நான்கு மடங்கானால் தாங்கும் நேரம் நான்கில் ஒன்றாகும். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்டேஜ் குறைந்தால் சேமிப்பும் குறையும், அதுவும் இருமடிக் கணக்கில். 230 வோல்ட்டில் 100 பங்கு சேமித்தது 180 வோல்ட்டில் 61 பங்குதான் சேமிக்கும். ஆக, சாயங்கால லோ வோல்டேஜும் கேமும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிமிட்டலே போதும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும். கிராமப்புற கரண்டுக்கு அதுதான் சரி.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, அதன் லைனில் கம்ப்யூட்டர் இருந்தால் இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சைப் பாருங்கள். பல மாடல்களில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று இரண்டு இருக்கும். நார்மலில் வைத்தால் வோல்டேஜ் 100 வரை இறங்கினாலும் அப்படியே உள்ளே விடும், பேட்டரிக்கு மாறவும் நேரமெடுக்கும். ஃபேனுக்கு அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. யுபிஎஸ் மோடில் 180-க்குக் கீழே போனதும் சீக்கிரமாக மாறிவிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் அதில் சண்டித்தனம் செய்யும்.

வோல்டேஜை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். வயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் கேம் ஓடும்போதே அளக்கச் சொல்லுங்கள், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. கேம் ஆரம்பித்ததும் உங்கள் பிளக்கில் மட்டும் வோல்டேஜ் இறங்கினால் வயரிங்கில் லூஸ். மீட்டர் பெட்டியிலேயே 200-க்குக் கீழே இருந்தால் அது மின்வாரியத்தின் வேலை. 2021 ஜூனிலிருந்து இயங்கும் மின்னகம் சேவை மையத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், மின் இணைப்பு எண்ணோடு அளந்த நேரத்தையும் வோல்டேஜையும் சொல்லிப் புகார் கொடுங்கள். ‘லோ வோல்டேஜ் சார்’ என்று மட்டும் சொன்னால், லைன்மேன் பகலில் வந்து பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று போய்விடுவார். ஒன்று மட்டும் கவனம்: லைட் மங்குவதற்குப் பதிலாகத் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் லூஸாக இருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

வெளியே எல்லாம் சரி என்றால்தான் பெட்டிக்குள். முதலில் எஸ்எம்பிஎஸ். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 450 என்ற எண்ணை மறந்துவிட்டு, 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் புராசஸரும் அதிலிருந்துதான் குடிக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 192 வாட்ஸ்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்களில் இந்த வித்தையைப் பார்க்கலாம். 3060-க்கு என்விடியா சொல்வது 550 வாட்ஸ்.

ஒரு பைசா செலவில்லாமல் இதைச் சோதிக்க வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் ஃபிரேமை 60-க்குக் கட்டிப்போடுங்கள். அதன்பின் மணிக்கணக்கில் ஓடினால் பெரும்பாலும் கார்டு நல்ல கார்டு, அதற்குத் தீனி போடும் எஸ்எம்பிஎஸ்தான் போதவில்லை. எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் விலை உயர்ந்தவையும் தப்பவில்லை. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது, அந்தக் கார்டுகள் கண நேரத்துக்குப் பாய்ச்சலாக இழுத்ததில் பேர்பெற்ற எஸ்எம்பிஎஸ்களே சில அணைந்துபோயின. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோசெகண்ட் நேரத்துக்கு இரண்டு மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும் என்று சொன்னது அதனால்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே நிற்கும். நண்பரிடம் இரவல் வாங்கி மாற்றிப் பார்த்தால் அதன் கேபிள்களோடு சேர்த்து மாற்றுங்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கார்டு கருகிவிடும்.

சூட்டைப் பற்றி எல்லோரும் முதலில் பேசுவார்கள், நான் கடைசியில் பேசுகிறேன். சூடு ஏறினால் மெஷின் முதலில் வேகத்தைக் குறைக்கும், கேம் திக்கும், அப்புறம்தான் அணையும். முதல் நிமிடத்திலேயே விழுந்தால் அது சூடல்ல. ஆனாலும் உங்கள் ஊர்க் காற்றில் தூசி அதிகம். வாசலில் வைத்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்ததும் மெஷின் விழாமல் ஓடும் நேரம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் புராசஸரின் தெர்மல் பேஸ்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ப்ளூ ஸ்கிரீன் வகை என்றால் பயோஸில் ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஈவன்ட் வியூவரில் டபிள்யுஎச்இஏ-லாகர் 18 என்று இருந்தால் புராசஸர் பக்கமோ போர்டு பக்கமோ பாருங்கள். உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில் வோல்டேஜ் கோளாறு இருப்பதை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயோஸ் அப்டேட்டோடு, பாதிக்கப்பட்ட புராசஸர்களுக்கு வாரன்ட்டியை இரண்டு வருடம் நீட்டியும் கொடுத்தது.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், பழனியோ தாராபுரமோ, பெட்டியோடு உங்கள் யுபிஎஸ்ஸையும் பவர் கேபிளையும் எடுத்துப் போங்கள். உங்கள் கேமையே அரை மணி நேரம் அதே யுபிஎஸ்ஸில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே யுபிஎஸ்ஸின் சுவர் சுவிட்சை ஒரு முறை அணைக்கச் சொல்லுங்கள். அங்கேயே விழுந்தால் கார்டுக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு யுபிஎஸ்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அப்பாவிடம் காட்ட அந்தப் பழைய யுபிஎஸ்ஸின் 360 வாட்ஸ் ஸ்டிக்கரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.