சாவி கொடுத்த கை



சர்வேசுரனுடைய ஐந்தாம் கற்பனை கொலையை விலக்குகிறது என்று சிறு குழந்தையும் சொல்லும். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அசட்டையையும் அதே கற்பனை விலக்குகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. குடியினாலோ வேகத்தின் மேலுள்ள ஆசையினாலோ சாலையில் பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவது கனமான குற்றம் என்று 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2290) போதிக்கிறது.

"ஓட்டியது பையன், குற்றம் அவனுடையது, நமக்கென்ன?" என்று ஒரு தகப்பனார் சொல்லலாமா? சொல்லலாகாது.

முதலாவது, நாட்டின் சட்டம் அதை ஒப்புவதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரரே குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கோ 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. 16 வயதில் ஓட்டலாமே என்பார்கள் சிலர். அந்த அனுமதி 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே; அதற்கும் லைசென்ஸ் வேண்டும். நம் வீட்டு ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அதனினும் பெரியவை.

இரண்டாவது, குடும்பம் படும் பாடு. தகப்பனார் வேலையை விட்டுக் கோர்ட்டுக்கு நடக்கிறார். தாயின் சீட்டுப் பணமும், தங்கையின் பள்ளிக் கட்டணமும் அபராதத்துக்குப் போகின்றன. லைசென்ஸ் இல்லாதவன் ஒருவரை மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி தான் கொடுத்த நஷ்டஈட்டை வண்டிக்காரரிடமே வசூலிக்க இடமுண்டு. அப்போது வீடும் நகையும் தப்புமா? அடிபட்டவரின் வீட்டிலும் ஒரு தாய் அழுகிறாள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, மனச்சாட்சியின் கணக்கு. தமக்குத் தெரியாமல் நடந்ததென்று எண்பித்தால், பெற்றோரைச் சட்டம் விட்டுவிடலாம். ஆனால் சர்வேசுரன் கேட்பார்: சாவி எங்கே தொங்கியது? கடைக்குப் போய் வா என்று அனுப்பியது யார்? எட்டாம் வகுப்பிலேயே ஓட்டுகிறான் என்று உறவினரிடம் பெருமை பேசியது யார்? பிறர் பாவத்துக்கு உடந்தையாயிருப்பதும் பாவமே. புது வண்டியைக் கோவிலில் மந்திரித்து, வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டுவது நல்லதே. அது லைசென்ஸுக்கும் தலைக்கவசத்துக்கும் பதிலாகாது.

வாலிபனே, 18 வயதானபின் குற்றம் உன் பெயரில் விழும். பாரம் அப்போதும் வீட்டின்மேல்தான். தலைக்கவசமின்றி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதத்தோடு 3 மாதம் லைசென்ஸும் இழப்பாய். குடித்து ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரும். தாய் தந்தையைச் சங்கிக்கச் சொல்லும் நான்காம் கற்பனையைச் சாலையிலும் அநுசரி.

இவ்வாரத் தீர்மானம்: வண்டிச் சாவியைப் பெரியவர் பொறுப்பில் வையுங்கள். பிள்ளை பிடிவாதம் செய்தாலும், அயல்வீட்டுப் பையனைக் காட்டினாலும், வயது வரும்வரை கொடாதேயுங்கள். இன்றிரவு குடும்ப ஜெபமாலையில், சாலையில் மரித்தவர்களுக்காகவும், அவர்கள் சாவுக்குக் காரணமானவர்களின் குடும்பங்களுக்காகவும் ஒரு பத்து மணி ஒப்புக்கொடுங்கள்.