கேட்டலோனியா குடும்பப் பயணம்: வயிற்றைப் பார்த்து வழியைப் போடு!

பார்சிலோனாவுக்கு டிக்கெட் போட்டாச்சா? சந்தோஷம். ஆனா உடனே "பத்து நாள்ல பதினஞ்சு இடம்"னு லிஸ்ட் எழுத உட்காராதே, தங்கச்சி. அப்படிப் போற வீட்டுல மூணாம் நாளே குழந்தை அழும், மாமியாருக்குக் கால் வீங்கும், நீ ஸ்டேஷன் பெஞ்சுல பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுட்டு இருப்பே.

ஸ்பெயினோட வடகிழக்கு மூலையில இருக்கிற கேட்டலோனியாவுக்கு வடக்கே பைரனீஸ் மலை, கிழக்கே மத்தியதரைக் கடல், தெற்கே எப்ரோ ஆத்து நெல் வயல். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு சாப்பாடு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு சீசன். அதை வச்சுத் திட்டம் போட்டா அலைச்சலும் குறையும், செலவும் குறையும்.

1. முதல்ல மாசத்தை முடிவு பண்ணு

- ஜனவரி முதல் மார்ச் வரை: சுட்ட வெங்காய விருந்து.
- ஏப்ரல், மே: கடலோர நடைபாதையும், தண்ணி கட்டின நெல் வயலும். நம்ம பிள்ளைங்களுக்கு லீவும் அப்பதான். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துடு, ரூம் கிடைக்காது.
- அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம்: காளான், சுட்ட கஷ்கொட்டை, நிறம் மாறுற பீச் மரக்காடு.
- ஆகஸ்ட்: வேண்டாம். வெயில், கூட்டம், விலை மூணும் உச்சத்துல இருக்கும். காட்டுத்தீ அபாயம் அதிகமான நாள்ல மலைப் பாதைகளையே மூடிடுவாங்க.

2. ரெண்டே ஊர்ல தங்கு

பார்சிலோனாவுல பாதி, ஜிரோனாவுல பாதி. அதிவேக ரயில்ல ரெண்டுக்கும் நடுவுல சுமார் 40 நிமிஷம்தான். தினம் பெட்டி கட்டினா அரை நாள் அதுலயே போயிடும். எரிமலைக் காடும் கோஸ்டா பிராவா கடற்கரையும் ஜிரோனாவுல இருந்து பக்கம்.

3. மதியச் சாப்பாட்டைச் சுத்தி நாளை அமை

அங்கே மதியச் சாப்பாடு ஒண்ணரையில இருந்து மூணரை வரைக்கும். அதுக்கப்புறம் நிறைய அடுப்பு அணைஞ்சுடும். ராத்திரி எட்டரைக்கு முன்னால உள்ளூர் உணவகங்கள்ல சாப்பாடு கேட்காதே. குழந்தை ஏழு மணிக்குத் தூங்கி வழியுமேன்னு பயப்படாதே. மதியம் வயிறாரச் சாப்பிட்டுட்டு, ராத்திரிக்கு ரூம்லயே ரொட்டி, பழம், தயிர்னு முடிச்சுக்கோ.

வார நாள்ல 'மெனு டெல் தியா'ன்னு கேளு. ரெண்டு வகைச் சாப்பாடு, கடைசியில இனிப்பு, பெரும்பாலும் ரொட்டியும் தண்ணியும் சேர்த்து ஒரே விலை. தனித்தனியா ஆர்டர் பண்ணிக் காசைக் கரைக்காதே.

4. கல்சோட் விருந்துக்கு நல்ல சட்டை போடாதே

கல்சோட்ங்கிறது வெங்காயத்தாள் ஜாதி. மண்ணை அணைச்சு அணைச்சு வளர்க்கிறதால தண்டு நீளமா, வெள்ளையா இருக்கும். வால்ஸ் ஊர்தான் இதுக்குப் பேர் போனது. திராட்சைக் கொடிச் சுள்ளியை எரிச்சு, அந்தத் தீயில கரிக்கட்டை ஆகுற வரைக்கும் சுட்டு, செய்தித்தாள்ல சுத்தி வச்சு, கூரை ஓட்டு மேல அடுக்கிக் கொண்டுவருவாங்க. கருகின தோலை உருவி எறிஞ்சுட்டு, சிவப்பு சாஸ்ல தோய்ச்சு, தலையை அண்ணாந்து வாய்க்குள்ள இறக்கணும். கையெல்லாம் கரி, மோவாயெல்லாம் சாஸ். பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டமா இருக்கும்.

அந்த சாஸ்ல பாதாமும் ஹேசல்நட்டும் அரைச்சிருக்கும். கொட்டை அலர்ஜி உள்ள பிள்ளைக்குக் கொடுத்துடாதே!

5. சைவமா? முன்கூட்டியே சொல்லு

"வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா டூனா மீன் தூவின சாலட் வந்து நிக்கும். "சென்ஸா கார்ன் நி பெஷ்"னு சொல்லு: கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம்.

- நம்பிக் கேட்க: தக்காளி தேய்ச்ச ரொட்டி. பழுத்த தக்காளியைப் பாதியா வெட்டி ரொட்டி மேல அழுத்தித் தேய்ச்சு, ஆலிவ் எண்ணெயும் உப்பும் போடுவாங்க. எந்தக் குழந்தையும் சாப்பிடும்.
- சுட்ட கத்திரிக்காய், குடைமிளகாய் சேர்ந்த 'எஸ்கலிவாடா'. மேல நெத்திலி வைக்காம கேளு.
- அரிசிச் சாப்பாட்டைப் பார்த்ததும் பாயாதே. பெரும்பாலும் மீன் சாறுலதான் வேகவைப்பாங்க.

6. எரிமலைக்குள்ள நட

ஓலோட் ஊரைச் சுத்தி கரோச்சா பகுதியில சுமார் 40 எரிமலைகள் இருக்கு. எல்லாம் உறங்குது, பயப்படாதே. முழுச் சுத்துப்பாதை 10 கிலோமீட்டருக்கு மேல. சின்னப் பிள்ளையோட அதுல இறங்காதே. சாந்தா மார்கரிடா எரிமலைக்கு மட்டும் ஏறு. உள்ளே இறங்கினா வட்டமான புல்வெளி, நடுவுல குட்டிக் கற்கோயில். மதியம் சாந்தா பாவ் ஊர்ல எரிமலை மண்ணுல விளையுற வெள்ளை பீன்ஸ் சாப்பிடு. பன்றிக்கறி சாசேஜோட வரும், வேண்டாம்னா முதல்லயே சொல்லிடு.

இங்கே கார்தான் வசதி. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊர்லயே வாங்கிடு. 135 செ.மீ.க்குக் கீழே உயரமுள்ள பிள்ளைக்குத் தனி சீட் கட்டாயம். கார் பதிவு பண்ணும்போதே அதையும் கேட்டு வை.

7. மலைக்குப் பல்சக்கர ரயில்

- மொன்செராட்: காலையில முதல் ரயில்லயே ஏறிடு, பத்து மணிக்கு மேல பஸ் கூட்டம் வந்துடும். மடாலயத்துக்குப் போற வழியில விவசாயிகள் கடை போட்டிருப்பாங்க. உப்புப் போடாத 'மாத்தோ' பாலாடைக்கட்டியும் தேனும் வாங்கிச் சேர்த்துச் சாப்பிடுங்க.
- நூரியா பள்ளத்தாக்கு: கார் ரோடே கிடையாது. 1931ல இருந்து ஓடுற 12.5 கிலோமீட்டர் ரயில்ல போ. மேலே கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். மே மாசமானாலும் ஸ்வெட்டர் இல்லாம ஏத்தாதே.

8. எப்ரோ டெல்டாவுக்கு ஒரு முழு நாள் கொடு

தரை சமமா இருக்கிறதால பிள்ளைங்க சைக்கிள் ஓட்டலாம், ஃபிளமிங்கோ பார்க்கலாம். ஏப்ரல்ல வயல் முழுக்கத் தண்ணி, கோடையில பச்சை, செப்டம்பர்ல அறுவடை. சாயங்காலம் கொசு அடிச்சுத் தின்னும். கொசு மருந்தை மறக்காதே.

9. இதெல்லாம் செய்யாதே

- நெய், பால்கோவா கட்டாதே. வெளிநாட்டுப் பயணி பால், கறிப் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்துல தடை. பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போதும்.
- ஞாயித்துக்கிழமைக்குச் சாமான் வாங்கறதைத் தள்ளாதே. பெரும்பாலான மார்க்கெட்டும் சூப்பர்மார்க்கெட்டும் மூடியிருக்கும்.
- பார்சிலோனாவுல போக்கேரியா மார்க்கெட்டோட நிறுத்திக்காதே. கூட்டம் குறைவா இருக்கிற சாந்தா கத்தரினா மார்க்கெட்டுக்கும் போ.
- பார்சிலோனா மெட்ரோவுல பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டுல வைக்காதே.

இன்னிக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் பத்து நிமிஷம் உட்காரு. மாசத்தை எழுது. அந்த மாசத்துல கிடைக்கிற மூணு சாப்பாட்டை எழுது. அது விளையுற ஊரை எதிர்ல எழுது. மூணு ஊருக்கு நடுவுல ஒவ்வொரு நாள் ஓய்வு விடு. அந்த ஓய்வு நாள் உனக்கும் சேர்த்துதான், தங்கச்சி. அன்னிக்குக் குழந்தையை வீட்டுக்காரர்கிட்ட ஒப்படைச்சுட்டு நீயும் கொஞ்சம் ஊரைப் பார்.