ஓய்வுக்காலச் சேமிப்பும் சந்தையின் ஏற்ற இறக்கமும்

உழைத்துப் பொருள் ஈட்டும் காலம் ஒன்று. ஈட்டி வைத்ததைக் கொண்டு வாழும் காலம் மற்றொன்று. இவ்விரு காலங்களையும் இணைக்கும் பாலமாக இருப்பது சேமிப்பு. நம் கல்லூரி வகுப்பறையில், முதல் ஊதியத்தை இன்னும் கையில் வாங்காத மாணவர்களும், சில ஆண்டுகளில் ஓய்வு பெறவிருக்கும் பேராசிரியர்களும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறோம். பங்குச் சந்தை சரிந்தது என்று ஒரு நாள் செய்தித்தாள் கூறுமானால், அச்செய்தி இரு சாராருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஒருவருக்குத் தீமையாவது மற்றவருக்கு நன்மையாகவும் அமையக்கூடும். இதனை எளிய கணக்குகளின் வழியே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கூற நான் முற்படவில்லை. அதற்கான தகுதியும் எனக்கில்லை.

முற்காலத்தில் அரசுப் பணியாளருக்கு இந்தக் கவலை பெரிதாக இருந்ததில்லை. கடைசியாகப் பெற்ற ஊதியத்தை ஒட்டி ஓய்வூதியம் கணக்கிடப்பட்டது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது மாதந்தோறும் வந்து சேர்ந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. 2004 சனவரி 1 முதல் மத்திய அரசும் இராணுவத்தினர் நீங்கலாகப் புதிதாகச் சேரும் தன் பணியாளர்களுக்கு இவ்வகைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்பின் இத்திட்டங்களில் மாறுதல்கள் செய்யப்பட்டும் அறிவிக்கப்பட்டும் வந்திருக்கின்றன. அவற்றின் நன்மை தீமைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. தனியார் நிறுவனத்திற்கும் ஆலைக்கும் கடைக்கும் வேலைக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்களுள் பெரும்பாலோருக்கு, ஓய்வுக்காலம் என்பது தாமே சேர்த்து, தாமே காத்து, தாமே பகுத்து உண்ண வேண்டிய காலமாகவே இருக்கும்.

என் தாய்மாமன் கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமாகச் சேர்ந்து ஒன்பது இலட்சம் ரூபாய் அவர் கைக்கு வந்தது. அதற்கு முன் அவர் அவ்வளவு பெரிய தொகையைப் பார்த்ததில்லை. அச்சமயம் பங்குச் சந்தை உச்சத்தை ஒட்டியிருந்தது. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் அவ்வாண்டு சனவரியில் 21,000ஐத் தாண்டியிருந்தது. 1978-79ஆம் ஆண்டின் அளவை 100 எனக் கொண்டு கணக்கிடப்படும் எண் அது. தெரிந்த ஒருவர் வற்புறுத்தவே, மாமா தொகை முழுவதையும் பங்குகளில் முதலிடும் பரஸ்பர நிதித் திட்டங்களில் போட்டார். வீட்டுச் செலவுக்கு மாதம் எட்டாயிரம் ரூபாயை அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வங்கிகளின் நெருக்கடி உலகெங்கும் பரவியது. 2009 மார்ச்சில் சென்செக்ஸ் 8,200க்கும் கீழே இறங்கியது. இதற்கிடையில் தை மாதத்தில் மாமாவின் மகளுக்குத் திருமணம் நடந்தது. பாதியாகச் சுருங்கியிருந்த தொகையிலிருந்து மூன்று இலட்சத்தை விற்று எடுத்தார். எஞ்சியது ஓர் இலட்சத்திற்கும் குறைவு. 2010 நவம்பரில், தீபாவளி நாளன்று, சென்செக்ஸ் மீண்டும் 21,000ஐத் தொட்டது. மறுநாள் அவரைப் பார்க்கச் சென்றபோது, “சந்தை திரும்பிவிட்டது என்கிறார்கள் மாப்பிள்ளை, கூடவே திரும்பி வருவதற்கு என் பணம் அங்கே இருந்தால்தானே!” என்றார். வணிகவியல் பயின்றவன் நான். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கே கீழே வருவது.

ஆண்டுகளின் வரிசை

ஐந்து ஆண்டுகளில் பங்கு முதலீடு கீழ்க்கண்டவாறு மாறுவதாகக் கொள்வோம்: முதலாண்டு 30 விழுக்காடு இறக்கம், இரண்டாமாண்டு 10 விழுக்காடு இறக்கம், பிறகு முறையே 15, 20, 25 விழுக்காடு ஏற்றம். இருபது இலட்சம் ரூபாயைப் போட்டு ஐந்து ஆண்டும் தொடாமல் இருப்பவருக்கு முடிவில் 21,73,500 ரூபாய் இருக்கும். இதே ஐந்து ஆண்டுகளைத் தலைகீழாக மாற்றி, ஏற்றங்கள் முன்னும் இறக்கங்கள் பின்னுமாக அடுக்கினாலும் அதே 21,73,500தான். பெருக்கலில் எண்களின் வரிசை மாறினால் விடை மாறாது என்பது தொடக்கப் பள்ளிப் பாடம்.

ஆனால் ஓய்வு பெற்றவர் பணத்தைத் தொடாமல் இருக்க இயலாது. அவர் உண்ண வேண்டும், மருந்து வாங்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒன்றரை இலட்சம் ரூபாய் எடுத்துக்கொள்கிறார் என்போம். இறக்கம் முன்னால் வந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் அவரிடம் இருப்பது ஏறத்தாழ 11,06,000 ரூபாய். ஏற்றம் முன்னால் வந்திருந்தாலோ 15,72,000 ரூபாய். எடுத்த தொகை ஒன்றே. சராசரி வளர்ச்சியும் ஒன்றே. எனினும் வேறுபாடு நாலரை இலட்சத்திற்கும் மேல்! விலை தாழ்ந்திருக்கும்போது அதே ஒன்றரை இலட்சத்திற்காக மிகுதியான யூனிட்டுகளை விற்க நேர்கிறது. விற்றுப்போன யூனிட்டுகள் பின்னர் வரும் ஏற்றத்தில் பங்கு பெறுவதில்லை. என் மாமாவுக்கு நேர்ந்தது இதுவே. நிதித் திட்டங்களின் விளம்பரங்களில் சராசரி வளர்ச்சி பெரிய எழுத்தில் அச்சாகிறது. ஆண்டுகள் எந்த வரிசையில் வரும் என்பதை யாரும் அச்சிட இயலாது.

இனி மாணவர் பக்கம் வருவோம். இளைஞர் ஒருவர் எடுப்பவர் அல்லர், போடுபவர். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் அவர் ஒன்றரை இலட்சம் போட்டு வருகிறார்; ஐந்து ஆண்டுகளில் மொத்தம் ஏழரை இலட்சம். இறக்கம் முன்னால் வந்தால் முடிவில் அவரிடம் ஏறத்தாழ 10,67,000 ரூபாய் இருக்கும். ஏற்றம் முன்னால் வந்து இறக்கம் பின்னால் வந்தாலோ 6,02,000 ரூபாய்தான். போட்டதைக் காட்டிலும் குறைவு. தாத்தாவைத் தள்ளிவிட்ட அதே வரிசை பேரனைத் தூக்கிவிடுகிறது. இக்கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டியபோது மாணவர்கள் விடை தவறு என்றே கருதினர். மூன்று பேர் கைப்பேசியில் தனித்தனியே போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டனர்.

ஆகவே, வேலையில் சேர்ந்த புதிதில் சந்தை சரிகிறதே என்று அஞ்சித் தவணையை நிறுத்துபவர், மலிவாக வாங்கும் வாய்ப்பைத் தாமே இழக்கிறார். 2020ஆம் ஆண்டில் இதைக் கண்ணெதிரே கண்டோம். சனவரியில் 42,000ஐத் தொட்ட சென்செக்ஸ், கொரோனாப் பெருந்தொற்றின்போது மார்ச் 23ஆம் நாள் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கும் மேல் சரிந்து 26,000க்கும் கீழே முடிவுற்றது. அவ்வாண்டின் இறுதி நாளில் அது 47,700ஐத் தாண்டி நின்றது. ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. சந்தை விழும் காலமும் வேலை பறிபோகும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. அப்பெருந்தொற்றின்போது வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாத ஊதிய அளவுக்கோ, இருப்பில் முக்கால் பங்குக்கோ, இவற்றுள் எது குறைவோ அதனை எடுத்துக்கொள்ள அரசே அனுமதிக்க வேண்டியதாயிற்று. கையில் சில மாதச் செலவுக்கான ரொக்கம் தனியே இல்லாத இளைஞர், மலிவான நேரத்தில் வாங்குவது எங்கே? இருப்பதையும் விற்க நேரும்.

“சந்தை எப்படியும் திரும்பும், பொறுத்திருங்கள்” என்று சொல்வோர்க்கு ஜப்பானின் வரலாற்றை நினைவூட்டலாம். 1989 டிசம்பர் இறுதியில் டோக்கியோவின் நிக்கேய் குறியீட்டெண் 38,915 என்ற உச்சத்தில் முடிவுற்றது. அந்த எண்ணை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள்! இடையில் வந்த ஈவுத்தொகையைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை சற்று மேலாகும் என்றாலும், அறுபது வயதில் ஓய்வு பெற்றவர் அதுவரை காத்திருக்க முடியாது.

வைப்பும் அதன் விலையும்

மாமாவின் நிலையில் என்ன செய்திருக்கலாம்? இருபது இலட்சத்தில் நான்கு ஆண்டுச் செலவாகிய ஆறு இலட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ வைத்து, பதினான்கு இலட்சத்தை மட்டும் பங்குகளில் போடுவதாகக் கொள்வோம். முதல் நான்கு ஆண்டுகள் வைப்பிலிருந்தே எடுத்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டு மட்டும் பங்கிலிருந்து எடுத்தால், இறக்கம் முன்வந்த வரிசையில் முடிவில் 13,34,000 ரூபாய் எஞ்சுகிறது. வைப்புக்கு வரும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. முழுவதையும் பங்கில் போட்டவரிடம் எஞ்சிய 11,06,000உடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஏற்றம் முன்வரும் வரிசையில் இவருக்குக் கிடைப்பது 14,16,000. முழுவதையும் பங்கில் போட்டவருக்கோ 15,72,000. அதாவது, வைப்பு என்பது இலவசமன்று. நல்ல காலத்தின் ஆதாயத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கெட்ட காலத்தின் அடியைக் குறைத்துக்கொள்கிறோம். இரண்டையும் பெறலாம் என்று யாரேனும் கூறினால் அவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அப்படியானால் முழுவதையும் வைப்பிலேயே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நம் பெற்றோர் பலர் அப்படித்தான் செய்தனர். அவர்கள் காலத்து வட்டி அதற்கு இடம் கொடுத்தது. 1968இல் தொடங்கப்பட்ட பொது வருங்கால வைப்பு நிதி 1986 முதல் 2000 சனவரி வரை 12 விழுக்காடு வட்டி தந்தது. 2020 ஏப்ரலில் அது 7.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமானால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரு மடங்காகிறது. இன்று மாதம் இருபதாயிரத்தில் நடக்கும் குடும்பத்திற்கு, ஓய்வு பெற்ற பன்னிரண்டாம் ஆண்டில் நாற்பதாயிரம் வேண்டும். வைப்பிலிருந்து வரும் வட்டியோ ஏறுவதில்லை. பங்கில் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

“உறுதி” என்ற சொல்லையும் சற்று ஐயத்துடனேயே நோக்க வேண்டும். 1964இல் யூனிட் டிரஸ்ட் நிறுவனம் தொடங்கிய ‘யூனிட் 64’ திட்டத்தை, நடுத்தரக் குடும்பங்கள் வங்கி வைப்புக்கு நிகராகவே கருதின. ஆனால் அதன் பணத்தில் பெரும்பகுதி பங்குகளில் இருந்தது. யூனிட்டின் விலையோ சொத்தின் உண்மை மதிப்பைக் கொண்டு குறிக்கப்படாமல் நிறுவனத்தாலேயே அறிவிக்கப்பட்டு வந்தது. 2001 சூலையில் விற்பனையும் மறுகொள்முதலும் நிறுத்திவைக்கப்பட்டபோதுதான் பலருக்குத் தாம் பங்குச் சந்தையில் இருந்தது தெரியவந்தது. பின்னர் அரசு தலையிட்டு, யூனிட்டுகளை வரியில்லாக் கடன்பத்திரங்களாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. பெயரைப் பார்க்காமல், பணம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டறிவது நலம். வங்கி வைப்புக்கும் எல்லை உண்டு: 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் வரையே காப்பீடு.

எத்தனை ஆண்டுச் செலவை வைப்பில் வைப்பது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. மாத ஓய்வூதியம் வருபவருக்குக் குறைவாகப் போதும்; மகள் திருமணமோ மகனின் படிப்போ அண்மையில் வருமானால் அத்தொகை முழுவதையும் முன்கூட்டியே பங்கிலிருந்து எடுத்துவிடுவதே முறை. ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கலாகாது என்பது என் சொந்தக் கருத்து; அவ்வளவு வேண்டாம், மூன்று போதும் என்கிறார் எங்கள் துறையின் மூத்த பேராசிரியர். வரும் ஆண்டு ஓய்வு பெறவிருப்பவர் அவர்தான். சென்ற மாதமே அவர் தம் இல்லச் செலவைப் பன்னிரண்டு மாதத்திற்கும் எழுதி வைத்து, மருந்துச் செலவைத் தனிக் கட்டத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். மருந்துக் கட்டம் மட்டும் நான் நினைத்ததைவிட இரு மடங்கு இருந்தது.