நீரிறைக்கும் பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்தல்

காவிரிக் கடைமடைக் கிராமங்களில் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் தாழ்ந்த வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு நீரேற்றக் குடியானவர் பலர் சிறு பெட்ரோல் எஞ்சினையே நம்பியிருக்கின்றனர். பல மாதம் மூலையில் கிடந்த எஞ்சின், தேவையான தினத்தில் எத்தனை முறை கயிற்றை இழுத்தும் கிளம்பாமற் போவதுண்டு. மெக்கானிக்கைத் தேடிப் பட்டணம் சென்று மீள்வதற்குள் முறை கழிந்துவிடும், பயிரும் வாடும். பல சமயங்களில் இதற்குக் காரணம் கார்புரேட்டரில் படிந்த கசடேயாம். அதனை நீக்குதல் பொறுமையுள்ள எவர்க்கும் இயலும்.

அடைப்பின் காரணம்

கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் உறுப்பு. எடையில் 1 பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலின் அளவைக் காப்பது ஜெட் என்னும் சிறு பித்தளைத் திருகாகும். சிறு எஞ்சின்களில் அதன் துவாரம் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தது. கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகும்போது பிசின் போன்ற வண்டலை விட்டுச் செல்ல, அது இத்துவாரத்தை அடைக்கிறது. அன்றியும், 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பரவலாக விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலின் நெடுநாள் தங்கிய பெட்ரோலில் நீர் சேர்ந்து உலோகத்தை அரிக்கவுங்கூடும்.

சோக்கை மூடியபோது மட்டும் ஓடி, திறந்ததும் எஞ்சின் நின்றுவிடுமாயின் ஜெட் அடைபட்டதென ஊகிக்கலாம். ஆயினும் டாங்கியிலுள்ள பெட்ரோல், காற்று வடிகட்டி, பிளக் ஆகியவற்றை முதலில் சோதித்தல் வேண்டும்.

முன்ஜாக்கிரதை

பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். ஆகவே இவ்வேலையை வீட்டினுள் செய்யலாகாது. எஞ்சின் ஆறிய பின், வெளியே நிழலில் செய்க. விளக்கும் பீடியும் அருகில் கூடா. பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்க. பெட்ரோல் தீயில் நீரை ஊற்றின் தீ மேலும் பரவும்.

செய்யும் முறை

1. பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்திலுள்ளதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடிக்கவும். நீர் இருப்பின் அடியில் தனியே தங்கும்.

2. கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் ஊசியை உருவி, மிதவையையும் அடைப்பு முள்ளையும் எடுக்கவும். மிதவையை ஆட்டுகையில் உள்ளே திரவம் அலம்பினால் அது ஓட்டையாயிற்றென்று அறிக.

3. பொருத்தமான திருப்புளியால் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்திற்கு நேரே பார்க்கவும். துவாரம் வட்டமாகத் தெரிதல் வேண்டும்.

4. உலோக உறுப்புகளைக் கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் கழுவி, சைக்கிள் பம்பினால் காற்றடிக்கவும். வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் அபாயம். ரப்பர் வளையங்களைத் திரவத்தில் ஊறவைக்கலாகாது.

5. இரும்புக் கம்பியால் ஜெட்டைக் குத்துதல் பெருந்தவறு. துவாரம் சிறிது அகன்றாலும் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகிப் புகை கக்கும். நைலான் பிரஷின் ஒற்றை மயிரே போதுமானது.

6. கழற்றிய வரிசைக்கு மாறாகப் பூட்டி, குழாயைத் திறந்து சில நிமிஷம் கசிவு உண்டாவென்று கவனித்து, சிந்தியது உலர்ந்த பின்னரே எஞ்சினைக் கிளப்புக. அழுக்குப் பெட்ரோலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது.

வருமுன் காத்தல்

பருவம் முடிந்து எஞ்சினை ஒதுக்கும்போது டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் எஞ்சியதையும் வடித்துவிடுதல் நலம். சில நிமிஷ வேலையாகிய இதனைச் செய்வோர்க்கு மேற்கூறிய சிரமம் பெரும்பாலும் நேராது. கிராம அலுவலர்கள் தண்ணீர் திறக்கும் முன்னரே இதனைக் குடியானவர்க்கு எடுத்துரைப்பின், முறைத் தண்ணீர் வீணாகாது பயிரும் காக்கப்படும்.