வழிகாட்டியும் தகரப் பெட்டியும்

மைசூரு நகரின் யாதவகிரிப் பகுதியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. சென்னையில் 1906-இல் பிறந்து மைசூருவைத் தம் ஊராக்கிக்கொண்ட அவருடைய ஆங்கிலப் புதினங்களுள் ஒன்று, 1952-இல் வெளிவந்த ‘தி ஃபைனான்சியல் எக்ஸ்பர்ட்’. ‘நிதி வல்லுநர்’ என்பது அதன் பொருள். நிதி ஆலோசனையைத் தொழிலாகக் கொண்டவரிடம் எத்தகைய பண்புகளை எதிர்பார்க்க வேண்டும் என்று அறிய விரும்பும் வாடிக்கையாளருக்கு, அப்புதினத்தின் நாயகனான மார்கய்யாவின் வாழ்க்கை நல்லதொரு பாடம்.

மரத்தடி ஆலோசகர்

மார்கய்யா என்றால் மார்க்கம் காட்டுபவர். கற்பனை ஊரான மால்குடியில், நில அடமானக் கூட்டுறவு வங்கியின் எதிரே உள்ள ஆலமரத்தடியே அவருடைய அலுவலகம். ஒரு தகரப் பெட்டியே அவருடைய உடைமை. வங்கியின் விண்ணப்பப் படிவங்களும் மைக்கூடும் கணக்குப் புத்தகமும் அதனுள் இருக்கும். வங்கிக்குள் நுழையத் தயங்கும் உழவர்கள் அவரை நாடி வருவர். யாருக்கு எவ்வளவு கடன் கிடைக்கும், எந்தக் கடனை எப்படி அடைக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவருடைய திறமையில் குறையில்லை; குறை அவருடைய வருமானம் வந்த வழியில் இருந்தது. உழவர் கடன் வாங்கினால்தான் அவருக்குக் கூலி. ஆகவே, “இந்தக் கடன் உனக்கு வேண்டாம்” என்று சொல்வதால் அவருக்கு ஆதாயம் இல்லை.

பிற்காலத்தில் அவர் செல்வராகிறார். மிகுந்த வட்டி தருவதாகக் கூறி மக்களிடம் வைப்புத்தொகை திரட்டுகிறார். ஒரு நாள் அவரைப் பற்றிய வதந்தி பரவ, பணம் கொடுத்தோர் அனைவரும் ஒருசேர வாயிலில் திரள்கின்றனர். சேர்த்த செல்வம் அனைத்தும் கரைந்துபோகிறது. இறுதியில் எஞ்சுவது அதே ஆலமரமும் தகரப் பெட்டியும்தான்.

இரண்டு பாடங்கள்

ஆலோசகருக்கு யார் ஊதியம் தருகிறார் என்பதை அறிய வேண்டும் என்பது முதற்பாடம். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓய்வு பெறும் ஒருவரின் கையில் 20 லட்சம் ரூபாய் வருகிறது. அவருடைய வீட்டுக் கடனில் 8 லட்சம் ரூபாய் நிலுவை இருக்கிறது. கடனை முதலில் அடைப்பதே அவருக்கு நன்மை என்று கொள்வோம். முதலீட்டில் ஆண்டுக்கு 1 விழுக்காடு தரகு பெறும் ஒருவர் அவ்வாறு அறிவுரை கூறினால், ஆண்டுக்கு 8,000 ரூபாய் வருவாயை இழப்பார். இழந்தாலும் கூறுவோர் உண்டு. ஆயினும், தம் ஓய்வுக்கால வாழ்வைப் பிறருடைய நற்குணத்தை மட்டுமே நம்பி ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

வழிகாட்டுபவரின் கையில் பணம் சேரக் கூடாது என்பது இரண்டாம் பாடம். ஆலோசகராக இருந்தவரை மார்கய்யாவின் பிழையால் விளையக்கூடிய கேடு சிறிது. பணத்தைத் தாமே வாங்கி வைத்தபோதுதான் அது ஊரையே பாதித்தது.

சட்டம் வகுத்த வேலி

இவ்விரு பாடங்களும் இன்று நம் நாட்டில் விதிகளாகவே உள்ளன. செபியின் முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறை விதிகள் 2013-இல் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, பதிவு பெற்ற ஆலோசகர் தாம் பரிந்துரைக்கும் திட்டங்களுக்காக வாடிக்கையாளரைத் தவிர வேறு எவரிடமிருந்தும் ஊதியம் பெறலாகாது. வாடிக்கையாளரின் இடர் தாங்கும் திறனை முதலில் மதிப்பிட்டு, அதற்குப் பொருந்துவனவற்றையே பரிந்துரைக்க வேண்டும். ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் விற்பனையும் சேர்த்து வழங்குவதை 2020-இல் வந்த திருத்தம் தடுத்தது. ஆலோசகர் தமக்குரிய கட்டணத்தை மட்டுமே பெறலாம். முதலீட்டுப் பணத்தைக் கையாளலாகாது.

வைப்புத்தொகைக்கும் பாதுகாப்பு உண்டு. வங்கியில் வைத்த தொகைக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. மார்கய்யாவைப் போல் தனியார் திரட்டும் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது.

எனினும், விதி வேலி மட்டுமே. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்பதும், வேண்டாததை வேண்டாம் என்பதும், வாடிக்கையாளரின் குடும்பச் செய்திகளை வெளியிடாமல் காப்பதும் ஆலோசகரின் மனத்திலிருந்து வர வேண்டியவை.

பயிற்சி

நிதி ஆலோசகரைச் சந்திக்கும்போது கீழ்க்காணும் வினாக்களைக் கேளுங்கள். வங்கிக் கிளையில் காப்பீடோ பரஸ்பர நிதியோ பரிந்துரைக்கப்படும்போதும் இரண்டாம், மூன்றாம் வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள்.

1. உங்கள் செபி பதிவு எண் யாது? (பெற்ற எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபாருங்கள்.)
2. இந்தப் பரிந்துரையால் உங்களுக்கு யாரிடமிருந்து எவ்வளவு கிடைக்கும்?
3. நான் எதையும் வாங்காமல் என் கடனை மட்டும் அடைத்தால், அது எனக்கு நன்மையா?
4. என் பணம் எந்தக் கணக்குக்குச் செல்லும்?

நான்காம் வினாவுக்கு, “என் கணக்குக்கு அனுப்புங்கள்” என்பது விடையானால், அங்கேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் வினாவுக்கு, “ஆம், கடனையே அடையுங்கள்” என்று தம் வருவாயைப் பொருட்படுத்தாமல் விடை கூறுபவரே உண்மையான மார்க்கம் காட்டுபவர்.