வெந்நீரிலும் வாழும், எருக்குவியலிலும் வாழும்!



"சூடு பட்டால் கிருமி செத்துப்போகும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் சூடு இருந்தால்தான் வளருவேன் என்று அடம்பிடிக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. 1966-ல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்த 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' அப்படிப்பட்டது. ஃப்ரீஸ் அப்போது நம்மைப் போல் ஒரு மாணவர்தான்! 70 டிகிரி செல்சியஸில் ஜோராக வளரும் இது, 40-க்குக் கீழே வளராது. இதன் வெப்பம் தாங்கும் நொதிதான் பி.சி.ஆர். சோதனைக்குக் கைகொடுத்தது.

எந்த பாக்டீரியாவுக்கும் வளர்ச்சியில் நான்கு கட்டங்கள். முதலில் இடம் பழகும் தயக்கம், பிறகு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக்கம், உணவு குறைந்ததும் தேக்கம், கடைசியில் சரிவு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒரே செல் 10 மணி நேரத்தில் 107 கோடியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் நாமக்கல் கோழி எருக்குவியலே போதும். சூடான எருக்குவியல்களிலும் தெர்மஸ் இனம் கிடைத்திருக்கிறது.

போன வருஷம் அப்பா பச்சைக் கோழி எருவை அப்படியே மிளகாய்க்குப் போட்டார். நாற்று கருகிப்போச்சு, மக்காத எருவின் அம்மோனியா செய்த வேலை. இந்த முறை தென்னை நார்க்கழிவு கலந்து, ஈரம் காட்டிக் குவித்தோம். நான் தினமும் தெர்மாமீட்டரைச் சொருகினேன். "ஏன்டா, குப்பைக்கு ஜுரம் பாக்கறியா?" என்று அப்பா சிரித்தார்.

சாதாரண பாக்டீரியாக்கள் முதலில் தின்று சூடேற்றும். 45 டிகிரி தாண்டினால் அவை ஒதுங்க, வெப்பப் பிரியர்கள் பொறுப்பேற்பார்கள். 55-க்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் சாகும். 70 தாண்டினால் வெப்பப் பிரியர்களிலும் பல சோர்ந்துவிடும்.

ஐந்தாம் நாள் 62 காட்டிய குவியல், பிறகு 47-க்கு இறங்கியது. "ஆறிடுச்சு, அள்ளிப் போட்டுடலாம்" என்றார் அப்பா. "இல்லீங்கப்பா, உள்ளே காத்து தீர்ந்திருக்கும்" என்று புரட்டிவிட்டேன். மறுநாளே மறுபடி சூடேறியது! அதாவது, உணவு இன்னும் மிச்சம்.

நண்பர்களே, சூடு இறங்கினால் மட்டும் எரு தயார் என்று அர்த்தமில்லை. ஈரம் இருந்து, புரட்டிவிட்ட பிறகும் சூடேறாவிட்டால்தான் வயலுக்குப் போகலாம். இந்த வருஷம் எங்கள் மிளகாய் நாற்று பச்சைப் பசேலென்று நிற்கிறது. இப்போது தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்குவது அப்பாதான்!