காண்போர் பங்கு

ஓர் உயிர் கொல்லப்பட்டவிடத்து, கொன்றவன் யார் என்றே உலகம் முதலில் வினவும். கொல்வித்தவன் யார் என்பது அடுத்து எழும் வினா. அக்கொலையைக் கண்டு மகிழ்ந்தவன் யார் என்னும் மூன்றாம் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. நீதிமன்றங்களில் அவ்வினாவிற்குப் பெரும்பாலும் இடமில்லை. அறநூல்களோ அதனை விட்டுவிடவில்லை. இம்மூன்றாம் வினாவை நம்முன் நிறுத்தும் புதினம் ஒன்றைத் துணைக்கொண்டு, கொலைக்கும் அதனைக் காண்போனுக்கும் உள்ள தொடர்பை இங்கு ஆராய்வோம்.

கதையின் அமைப்பு

அமெரிக்க எழுத்தாளர் சுசான் காலின்ஸ் 2008ஆம் ஆண்டில் 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் புதினத்தை வெளியிட்டார். 'பசி விளையாட்டுகள்' என்பது அப்பெயரின் பொருள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் அதன் தொடர்ச்சியாக இரு நூல்கள் வந்தன. 2012 முதல் அவை திரைப்படங்களாகவும் வந்து உலகெங்கும் பரவின. இளைஞர்க்கென எழுதப்பட்டவையாயினும் பெரியோரும் கற்றுச் சிந்திக்கத்தக்கவை அவை.

வட அமெரிக்காவின் அழிவிற்குப் பின் எழுந்த பானெம் என்னும் கற்பனை நாடே கதை நிகழும் களம். கேப்பிட்டல் என்னும் செல்வச் செழிப்புள்ள தலைநகர், வறிய பன்னிரண்டு மாவட்டங்களை அடக்கி ஆள்கிறது. முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றன. அதற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயது வரையுள்ள சிறுவன் ஒருவனையும் சிறுமி ஒருத்தியையும் திறையாகச் செலுத்தல் வேண்டும். அவ்வாறு சேர்ந்த 24 பிள்ளைகளும் சூழ அடைக்கப்பட்ட களமொன்றில் விடப்படுவர். ஒருவரையொருவர் கொல்ல, இறுதியில் எஞ்சும் ஒருவரே வெற்றி பெற்றவர். நிகழ்வன யாவும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படும். மாவட்டத்தார் அதனைக் கண்டே தீரவேண்டும் என்பது ஆணை. அவர்க்குத் தண்டனையாகிய அதுவே தலைநகரத்தார்க்குத் திருவிழா.

இக்கதைக்கு இரு வித்துகள் உண்டு என்று ஆசிரியர் கூறியுள்ளார். ஒன்று பழைய கிரேக்கக் கதை: ஏதென்ஸ் நகரத்தார் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவிற்கு அனுப்பி, மினோட்டார் என்னும் எருதுத் தலை அரக்கனுக்கு இரையாகத் தந்தனர். மற்றொன்று அண்மைக் காலத்தது. ஒருநாள் இரவு அவர் தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர் பரிசிற்காகப் போட்டியிட்டனர். இன்னொன்றில் ஈராக் போரின் காட்சிகள் ஓடின. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தோன்றியது அவர் உள்ளத்தை உலுக்கிற்று. பொழுதுபோக்கிற்கும் போருக்கும் இடையே இருந்த எல்லை, காண்பவரின் கண்ணிலேயே மறைந்துபோன கணம் அது.

பசி என்னும் கயிறு

பிள்ளைகளைக் களத்திற்கு இழுக்கும் முதற் கயிறு படைவலிமையன்று, பசியே. பன்னிரண்டாம் வயதில் ஒருவர் பெயர் குலுக்கலில் ஒருமுறை இடப்படும். ஆண்டுதோறும் ஒன்று கூடும். வறியோர், ஓராண்டிற்கு ஒருவர்க்குரிய சொற்பத் தானியமும் எண்ணெயும் பெறும்பொருட்டுத் தம் பெயரை மேலும் ஒருமுறை இடச் செய்யலாம். அவ்வாறு கூடிய எண்ணிக்கை பின்னர்க் குறைவதில்லை. கதைத்தலைவி காட்னிஸ் பதினாறு வயதினள். தாயையும் தங்கையையும் காக்க வேண்டி அவள் பெயர் 20 முறை இடப்பட்டிருக்கிறது. அவள் நண்பன் கேல் பெயர் 42 முறை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இந்நிலை இல்லை. குலுக்கல் யாவர்க்கும் பொதுவென்று ஆட்சி கூறும். ஆனால் உண்டவனுக்கும் உண்ணாதவனுக்கும் அது ஒன்றன்று. மாவட்டத்தார் தம்முள் பொறாமையுற்றுப் பிரிந்து நிற்பதற்கும் இதுவே வழியாகிறது.

பானெம் என்னும் பெயரே இலத்தீன் மொழியில் ரொட்டியைக் குறிப்பது. மக்கள் தம் உரிமைகளை மறந்து, உணவும் அரங்கக் காட்சியும் கிடைத்தாற் போதுமென்று கிடக்கின்றனர் என உரோமானியக் கவிஞர் ஜுவனல் எள்ளி நகையாடினார். அவ்வசையிலிருந்தே ஆசிரியர் நாட்டின் பெயரை எடுத்துக்கொண்டார். ஆதலின் உரோம நகரின் வரலாற்றையும் சிறிது காண்பது பொருந்தும்.

உரோமின் வட்டரங்கம்

உரோமில் வாட்போர் அடிமைகளின் முதற்போட்டி கி.மு. 264இல், பெருங்குடி ஒருவரின் நீத்தார் கடனாக நிகழ்ந்தது. அன்று மோதியவர் மூன்று இணையரே. கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் கொலோசியத்தைத் திறந்துவைத்தபோதோ, விழா 100 நாள் நீடித்தது. இறந்தார்க்குச் செய்யும் சடங்காகத் தொடங்கியது, இருந்தார் களிக்கும் காட்சியாக முடிந்தது. வீழ்ந்தவனை விடுவதா கொல்வதா என்பதை விழாவை நடத்துவோன், கூட்டத்தின் குரலைக் கேட்டே பெரும்பாலும் முடிவு செய்தான். காண்போர் வெறுமனே கண்டிருந்தாரல்லர் என்பதை இவ்வழக்கம் காட்டும்.

காட்சிக்கு மனத்தை மாற்றும் ஆற்றல் எத்துணை என்பதற்கு அகஸ்தீன் தம் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அவர் நண்பர் அலிப்பியஸ் சட்டம் பயில உரோமிற்குச் சென்றவர், இவ்வாட்போர்களை வெறுத்தவர். உடன் பயின்றோர் அவரை வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். உடல் இங்கிருந்தாலும் உள்ளம் இராது என்று கூறி, அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் பெருங்குரல் எழுப்பிற்று. என்னவென்று அறியும் ஆவலால் அவர் கண் திறந்தார். அக்கணமே அக்கொடுமையின் மயக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. பின்னர்த் தாமே விரும்பிச் சென்றதோடு, பிறரையும் அழைத்துச் சென்றார். கண்ணை மூடியவர் செவியை மூடவில்லை. வெறுப்பையே தமக்குப் போதுமான காவலென்று எண்ணியதும் பிழையாயிற்று. பிற்காலத்தில் அவர் அதனின்று மீண்டார் என்பது நமக்கு ஆறுதல்.

மூவகைப் பங்கு

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வந்து சேரும் வாயில்களை எண்ணிக் காட்டுகிறது. எண்ணுதல், அதற்கு வேண்டுவன கூட்டுதல், செயலைத் தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்று. இவற்றோடு சினம், செருக்கு, மாயை, பேராசை என்னும் நான்கும் பெருக 108 ஆகும். உடன்படுதலாகிய அனுமோதனை இக்கணக்கில் செய்தலுக்கு இணையாக வைத்து எண்ணப்படுதல் கருதத்தக்கது. கொடுமையில் களிக்கும் உள்ளத்தை ஒன்பதாம் அத்தியாயம் ரௌத்ர தியானத்தில் அடக்கும். ஹிம்ஸானந்தம் என்று உரையாசிரியர் அதற்குப் பெயரிட்டனர்.

இக்கணக்கைக் கையில் கொண்டு பானெத்தைக் காண்போமாயின், ஒரு வியப்பு விளங்கும். 2020இல் காலின்ஸ் வெளியிட்ட 'பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்' என்னும் நூல் இவ்விளையாட்டின் தொடக்கத்தைக் கூறுகிறது. பகைவர்க்கு மறக்கவொண்ணாத் தண்டனை ஒன்றை வகுக்கும்படி ஓர் ஆசிரியை மாணவர்க்கு இட்ட பாடப்பயிற்சியே அதன் தோற்றம். குடிமயக்கத்தில் ஹைபாட்டம் என்னும் மாணவன் எழுதியதை, அவன் விருப்பத்திற்கு மாறாக நண்பன் ஆசிரியையிடம் சேர்த்துவிட்டான். எண்ணம் தாளிலேறியது, தாள் ஆட்சியாளர் கையிற் சேர்ந்தது, பிள்ளைகள் மடிந்தனர். எழுதியவன் வாழ்நாள் முழுதும் அக்குற்ற உணர்வில் நைந்தான்.

பத்தாம் ஆண்டளவில் அவ்விளையாட்டு சோர்ந்துபோயிற்று. காரணம், காண்போர் விரும்பவில்லை. அப்போது இளைஞனாகிய ஸ்னோ ஒரு வழி கூறுகிறான்: காண்போர் பிள்ளைகள்மேல் பந்தயம் கட்டட்டும், விரும்பிய பிள்ளைக்கு உணவு அனுப்பட்டும். தமக்கும் அதிற் பங்குண்டு என்றானபின் மக்கள் கண்ணை எடுக்கவில்லை. விளையாட்டு மேலும் பல்லாண்டு நீடித்தது. ஸ்னோ பின்னாளில் நாட்டின் அதிபனானான். காண்போர் விலகியிருப்பின் அது அன்றே தளர்ந்து வீழ்ந்திருக்கக்கூடும்.

காட்னிஸின் காலத்தில் கேப்பிட்டல் மக்கள் கொடியவராகத் தோன்றார். அவளை அலங்கரிக்கும் குழுவினர் அன்பானவர். எளிதில் கண்ணீர் விடுவர். ஆயினும் கொலைகளைப் பற்றிப் பேசும்போது, அந்நேரத்தில் தாம் எங்கிருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையே கூறி மகிழ்வர். மடிந்த பிள்ளைகள் அவர்தம் பேச்சில் இல்லை. பழைய களங்கள் சுற்றுலா இடங்களாகப் பேணப்படுகின்றன. உண்மையான கொடுமை இங்கேதான் உள்ளது: களத்திலுள்ள கைகள் உயிரச்சத்தால் கொல்கின்றன, தலைநகரின் கண்களோ எவ்வகை அச்சமுமின்றி விரும்பிக் காண்கின்றன.

கைதட்டாத கூட்டம்

உடன்படுதல் வினையாயின், உடன்படாமையும் ஓர் ஆற்றலாதல் வேண்டும். நூலில் இதற்கு இரு சான்றுகள் உள்ளன. குலுக்கலில் பன்னிரண்டு வயதுத் தங்கை பிரிம் பெயர் எழ, அவளுக்கு மாற்றாகக் காட்னிஸ் முன்வருகிறாள். கைதட்டுமாறு அரங்கில் கேட்கப்படுகிறது. ஒருவரும் கைதட்டவில்லை. பின்னர் ஒவ்வொருவராக மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகின்றனர். அது இறந்தார்க்கு விடைகொடுக்கும் அவ்வூர் வழக்கம். படையை எதிர்க்க இயலாத ஏழைமக்கள், தம் மகிழ்ச்சியை மட்டும் தர மறுத்தனர்.

மற்றொன்று களத்தில். பதினோராம் மாவட்டத்துச் சிறுமி ரூ ஈட்டியால் குத்துண்டு இறக்கிறாள். காட்னிஸ் அவளுடலை மலர்களால் அணிசெய்கிறாள். பின்னர், பதினோராம் மாவட்டத்து ஏழைகள் காசு சேர்த்து வாங்கிய ரொட்டி ஒன்று அவளுக்கு வந்து சேர்கிறது. பகைக்குமாறு பழக்கப்பட்டோர், தம் பிள்ளைக்கு இரங்கிய அயலாளுக்கு உணவளித்தனர். காட்சி அங்கே துக்கமாயிற்று. பானெத்தின் வீழ்ச்சியும் அங்கேதான் தொடங்கியது.

இருக்கை மாறும் இடர்

மூன்றாம் நூலில் கிளர்ச்சி வெல்கிறது. வென்றோரின் தலைவி காயின், தலைநகரத்தார் பிள்ளைகளைக் கொண்டு இறுதியாக ஒரு விளையாட்டு நடத்தலாம் என்கிறாள். முன்பு களங்கண்டு உயிர்தப்பிய எழுவரிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. அவருள் நால்வர் இசைகின்றனர். இசைந்தவருள் காட்னிஸும் ஒருத்தி. அவ்விசைவு உண்மையா, சூழ்ச்சியா என்பதில் கற்போர் வேறுபடுவர். ஸ்னோவின் மீது எய்யவேண்டிய அம்பை அவள் காயின் மீது எய்தாள். அதுவும் கொலையே, அவளை அமைதியுற்றவளாக ஆசிரியர் காட்டவுமில்லை. ஆனால் இப்பகுதி உணர்த்தும் உண்மை கடுமையானது. துன்புற்றோரும் வாய்ப்பு வரின் காண்போர் இருக்கையில் அமர ஒருப்படுவர்.

நமக்குரிய பாடம்

2021இல் வந்த 'ஸ்க்விட் கேம்' என்னும் கொரியத் தொடர், கடனாளிகளைச் செல்வர் விளையாட வைத்துக் கொல்வதைக் கண்டிப்பது. அதனையே ஒத்த பரிசுப் போட்டி 2023இல் உண்மையாகவே 456 பேரைக் கொண்டு நடத்தப்பட்டது. அதில் எவரும் இறக்கவில்லை. ஆனால் கண்டனம் கேளிக்கையாயிற்று.

இதனினும் கொடிது 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிகழ்ந்தது. இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், அக்கொலையைத் தானே நேரலையில் ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் அதன் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் நிறுவனம் அறிவித்தது. இங்கே கேப்பிட்டலும் இல்லை. காணவேண்டுமென்ற ஆணையும் இல்லை. அந்நாட்டுப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், கொலைஞன் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிப்பதில்லை என்று நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அவன் வேண்டியது உலகின் பார்வை. அதனை அவர் தர மறுத்தார்.

செய்தியை அறிதல் வேறு. வலியைச் சுவைத்தல் வேறு. துயரைக் கண்டு உதவி செய்யும் உள்ளம் எழுமாயின் அப்பார்வை அருள். அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலே மிகுமாயின், நாமும் அலிப்பியஸின் இருக்கையில் அமர்ந்துவிட்டோம் என்று அறிதல் வேண்டும். அடிபடுவோன் காட்சியைப் பிறர்க்கு அனுப்பும் விரல், கைதட்டும் கையினின்று வேறன்று.

கதையின் முடிவில், பல்லாண்டு கழித்தும் காட்னிஸைக் கொடுங்கனவுகள் விடவில்லை. அப்போது அவள் ஒரு விளையாட்டைக் கைக்கொள்கிறாள்: தான் கண்ட நற்செயல்களை ஒவ்வொன்றாக நினைவில் எண்ணுதல். தீமைக்கு உடன்படுதல் தீவினையாவது போலவே, பிறர் செய்த நன்மைக்கு உள்ளம் உவத்தல் நல்வினையாம் என்பர் ஆன்றோர். கொலையைக் கண்ட அதே கண்ணுக்குத்தான் அந்நல்வினையும் உரியது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கட்டாயத்தால் கொன்ற பிள்ளைக்கும் விருப்பத்தால் கண்ட தலைநகரத்தார்க்கும் வினைப்பங்கு எவ்வாறு வேறுபடும்?

2. அலிப்பியஸின் வெறுப்பு அவரைக் காக்காதது ஏன்?

3. இவ்வாரம் நம் இல்லத்தில் கண்ட காட்சிகளுள் அறிவதற்காகக் கண்டவை எவை? சுவைப்பதற்காகக் கண்டவை எவை?